என் மகன் தூக்காமல் வைத்திருந்த எஞ்சின்

1

இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் என் மேசையில் அமர்ந்து எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இது. கோலார் தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில், என் தகப்பனாரின் தகரக்கூரை வீட்டில், சமையல் மேடையைத் துடைத்து அதன்மேல் தாளை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மகன் டேனியல் இறந்து கடந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைந்தது. அவன் இங்கிலாந்தில் பிறந்தான், அங்கேயே வளர்ந்தான், இங்கே இறந்தான். வயது முப்பத்து நான்கு. ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் கோலார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆண்டு நினைவுக்காக நான் வரவில்லை. அவன் விட்டுப்போன ஒரு காரைத் தீர்த்துக்கட்டுவதற்காக வந்தேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். தங்கச் சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டியது. பிறகு யார் யாரிடமோ போய், இதே ஊரின் கோரமண்டல் பகுதியில் பங்களா ஒன்றின் கொட்டகையில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்ததை டேனியல் விலைக்கு வாங்கியிருந்தான். அது இப்போது எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பெங்களூரில் பழைய கார்ச் சாமான்கள் சேகரிக்கும் ஒருவர் எஞ்சினை மட்டும் கேட்டார். மற்றதெல்லாம் பழைய இரும்புக்குப் போகட்டும் என்றார். சம்மதம் என்று ஷெஃபீல்டிலிருந்து ஒற்றை வரியில் பதில் எழுதினேன். அந்த வரியை எழுதுகையில் எனக்கு ஏற்பட்ட நிறைவை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் மகனை இந்த ஊரில் பிடித்து வைத்திருந்த பொருளைத் துண்டாக்கப் போகிறோம் என்ற நிறைவு அது.

2

அயல்நாட்டில் வாழ்பவனிடம் ஊரார் தவறாமல் கேட்கும் கேள்வி, பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா என்பது. பிள்ளைகள் அந்நியமாகிப் போவதைப் பற்றி எங்களில் பலர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். என் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறானது. அதனால் அனுதாபம் தெரிவிக்கக்கூட ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் உலோகவியல் படித்தவன். வார்ப்பிரும்பு ஏன் உடைகிறது, எப்படி உடைகிறது என்பதைப் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். இன்றும் காலை ஏழு மணிக்கு எழுந்து, ஈரமான நடைபாதையில் இரண்டு மைல் நடந்து, திரும்பி வந்து, யாரும் கேட்காத கட்டுரைகளைத் திருத்துகிறேன். என் தகப்பனார் இந்தச் சுரங்க வாயிலில் மணி அடிப்பவராக இருந்தார், பெல்மேன் என்பார்கள். அவருடைய தகப்பனார் வடாற்காட்டிலிருந்து பாறை உடைக்க வந்தவர். சென்னைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், நான் ‘இன்னா’ என்று சொன்னதற்கு விடுதியே சிரித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் என் பேச்சிலிருந்து இந்த ஊரை முற்றிலும் அகற்றிவிட்டேன்.

டேனியல் கணினி வேலை செய்தான். எங்கிருந்தும் செய்யலாம் என்று முதலாளிகள் அனுமதித்ததும், ஆறு மாதம் தாத்தா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். ஆறு மாதம் மூன்று ஆண்டுகளாயிற்று. தொலைபேசியில் ஒருநாள் பொறுமை இழந்தேன். மூன்று தலைமுறையாக அந்தக் குழியிலிருந்து ஏறி வந்தோம், நீ மறுபடி இறங்குகிறாய் என்றேன்.

“குழிய மூடி எவ்ளோ நாளாச்சு டாடி. நான் மேலதான் கீறேன்” என்றான்.

நான் துடைத்தெறிந்த அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஓர் எழுத்துகூட எழுத மறுத்து அழுத பிள்ளையின் வாயில். அன்று நான் தொலைபேசியை வைத்தேன். பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் மனைவி ரூத் பேசினாள், நான் எடுக்கவில்லை. கடைசியாக மின்னஞ்சல் ஒன்று வந்தது: சண்டை போதும் டாடி, ஒருதரம் வந்துட்டுப் போங்க. அதற்கு நான் மூன்று பக்கப் பதில் எழுதினேன். இலக்கணப் பிழையற்ற, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் சான்று கொண்ட மூன்று பக்கங்கள்.

அடுத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நான் பிரிட்டிஷ் குடிமகன். பிறந்த மண்ணில் கால்வைக்க எனக்கு விசா என்ற அனுமதித் தாள் வேண்டும். இனி அந்த ஊருக்குப் போவதில்லை என்ற வீம்பில் அதைக் காலாவதியாக விட்டிருந்தேன். ரூத் தன்னுடையதைப் புதுப்பித்து வைத்திருந்தாள். அவள் தனியாக விமானம் ஏறி, தனியாக மகனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினாள். எந்த அலுவலகத்தின் மீதும் எனக்குப் புகார் இல்லை. புகார் சொல்ல ஓர் அலுவலகம் இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

சென்ற வாரம் கோலாரில், காருக்கான வாரிசுத் தாளில் ‘இறந்தவருக்கு உறவு’ என்ற கட்டத்தில் ‘தந்தை’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் ஒருமுறை படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், கன்னடத்தில் மிகத் தணிந்த குரலில் உட்காரச் சொன்னார். அவர் மரியாதையாக நடந்துகொண்டதும் எனக்கு ஆத்திரமூட்டியது.

3

கனமான எஞ்சினைத் தனியொருவனாக எடுக்க இயலாது. இந்தக் காரில் டேனியலோடு வேலை செய்த இருவரை வரச் சொன்னேன். விற்பனையைப் பற்றி அவர்களிடம் வாய் திறக்கவில்லை. எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ஒருவர் குப்புசாமி அண்ணன். எழுபத்தைந்தைத் தாண்டியவர். சுரங்கக் கூண்டை வடத்தில் ஏற்றி இறக்கும் பெரிய வைண்டிங் எஞ்சினை ஓட்டியவர். மற்றவன் அந்தோணி, என் பள்ளித் தோழன். பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருந்து, காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பியே ஓய்வுபெற்றவன்.

“வாங்க சார்” என்றான் அந்தோணி. “சார்னு கூப்டணுமா, சாமுன்னே கூப்டலாமா? லண்டன் ஆளாச்சே.”

“ஷெஃபீல்ட்.”

“எல்லாம் லண்டன்தாம்பா. ஆறாங் கிளாஸ்ல என் நோட்ட பாத்து எழுதினவன்தானே நீ.”

குப்புசாமி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெல்மேன் ஏசுதாஸ் மவன். மூக்கு அப்பிடியே கீது. கை நெதானம் எப்பிடியோ.”

தார்ப்பாயை விலக்கினோம். எஞ்சின் மூடியையும் முன்னால் இருக்கும் ரேடியேட்டரையும் டேனியல் ஏற்கெனவே கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தான். எண்ணெய் வடித்தாகிவிட்டது. இரண்டு கார்ப்ரேட்டர்களும் புகைக்குழாயும் துணியில் பொதியப்பட்டிருந்தன. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலிருந்த போல்ட்டுகள் அத்தனையும் எடுக்கப்பட்டு, கியர் பெட்டிக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. கழற்றிய ஒவ்வொன்றும் ஊறுகாய் பாட்டில்களில் இருந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் தமிழில் ஒரு சீட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில். ஒன்றை எடுத்துப் படித்தேன்: இது லெப்டு சைடு. மாத்தி போட்டா அந்தோணி மாமா திட்டுவாரு.

பாட்டிலை அதே இடத்தில், அதே வட்டத் தூசித் தடத்தின்மேல் வைத்தேன்.

எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் முன்பக்க போல்ட்டுகள் இரண்டு மட்டும் மீதியிருந்தன.

“எல்லாம் தயாரா இருக்கே” என்றேன். “பிறகு ஏன் தூக்கலை?”

அந்தோணி குப்புசாமி அண்ணனைப் பார்த்தான். அவர் சுமை தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கின் கொக்கியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

“ஒரு மணி நேர வேலப்பா. நாங்க அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்போம். டேனிதான் வேணாம்னுட்டான்.”

“ஏன்?”

“எங்க டாடி வர்ட்டும், அவரு இருந்து தூக்கணும்னான். இரும்புன்னா அவருக்குத்தான் தெரியும்னான். அந்த ரெண்டு போல்ட்ட தொட வுடல. எட்டு மாசம் அப்பிடியே கெடந்துச்சு. போறவன் வர்றவன்லாம் கேலி பண்ணான், இன்னா டேனி, உன் டாடிக்கு பிளைட் கெடைக்கலியான்னு.”

“எனக்கு அவன் சொல்லவே இல்லையே.”

குப்புசாமி அண்ணன் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். “சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

நான் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் பொருத்தினேன். அது இறுகியிருக்கும் என்று எதிர்பார்த்து முழு பலத்தையும் கொடுத்தேன். அவன் கிரீஸ் தடவி வைத்திருந்தான். சுலபமாகக் கழன்று வந்தது. சுலபமாகக் கழன்றதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. எட்டு மாதம் காத்திருந்தானாம்! யாரைக் கேட்டுக் காத்திருந்தான்? வந்தே தீர வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருக்கக் கூடாதா? என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? என் பிடிவாதத்தைத் தவறாமல் சுவீகரித்துக்கொண்டவன், என் நாக்கை ஏன் விட்டுவிட்டான்?

4

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாகக் கட்டி, உச்சியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டோம். சங்கிலியை இழுப்பவர் குப்புசாமி அண்ணன். அந்தோணி காருக்குள் கால்வைக்கும் பள்ளத்தில் குந்தி, கியர் பெட்டியிலிருந்து எஞ்சின் பிரிந்து வருவதைக் கையால் வழிகாட்ட வேண்டும். இழுப்பவருக்கு அந்தோணியின் கை தெரியாது. நான் பக்கவாட்டில் நின்று பார்த்து வாயால் சொல்கிறேன் என்றேன்.

“வாயி வேணாம்” என்றார் குப்புசாமி அண்ணன். “முப்பது வருசம் கூண்டு ஓட்டினேன், ஒருநாளும் கூண்ட கண்ணால பாத்ததில்ல. எனக்கு பெல்லு குடு.”

தண்டவாளத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தான் அந்தோணி. மணிக் குறிகளை நான் மறந்திருக்கவில்லை. பெல்மேன் வீட்டில் சாப்பாட்டுத் தட்டிலேயே தட்டிப் பழகியவை. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள், பார்த்து ஓட்டு. ஒன்றுக்கு மட்டும் இரண்டு பயன்: கூண்டு நிற்கும்போது ஒன்று அடித்தால் ஏற்று, ஓடும்போது ஒன்று அடித்தால் நிறுத்து.

ஒன்று அடித்தேன். சங்கிலி கடகடத்தது. எஞ்சின் தன் இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்து, முன்புறம் நகர்ந்து, இரண்டாம் அங்குலத்தில் சற்றே சாய்ந்தது. அதன் பின்பக்கத்துக்கும் கார்ச் சட்டத்துக்கும் நடுவில் அந்தோணியின் விரல்கள் இருப்பதைப் பார்த்தேன். நிறுத்துவதற்காக ஒன்று அடித்தேன்.

ஆனால் சங்கிலி கனப்பதைக் கையிலேயே உணர்ந்து, குப்புசாமி அண்ணன் அதற்கு ஒரு கணம் முன்பே நிறுத்தியிருந்தார். நின்றுவிட்ட சுமைக்கு நான் ஒன்று அடித்திருக்கிறேன். அவருக்கு அது ஒரே அர்த்தம்தான் தரும். இழுத்தார்.

எஞ்சின் துள்ளி எழுந்து பக்கச் சட்டத்தில் இடித்தது. அந்தோணி அலறினான்.

“இன்னாடா ஆச்சு!” என்று கத்தியது நான்தான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

“தோலு போச்சுடா பாவி! வெரலு கீது, எண்ணிட்டேன்!” அந்தோணி கையை உதறிக்கொண்டே எழுந்தான். மூன்று விரல்களின் முட்டி சிராய்த்து இரத்தம் கசிந்தது. “பேராசிரியராம் பேராசிரியர். உங்க அப்பன் இருந்தா உன்ன ஷாப்டு குழியில தள்ளியிருப்பாரு.”

குப்புசாமி அண்ணன் சங்கிலியை விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“தானா நின்னுட்ட கூண்ட மறுபடி நிறுத்தப் பாக்கக் கூடாது. அது நின்னுச்சுன்னா கம்னு இருக்கணும். பெல்லு அடிச்சா எகிறும். ஏசுதாஸ் மவனுக்கு இத்த நான் சொல்லணுமா?”

சண்டை போதும் டாடி என்று வந்த மின்னஞ்சலுக்கு நான் எழுதிய மூன்று பக்கங்களை அவர் படித்ததில்லை. படித்தவர் போல் பேசினார். நான் ஸ்பேனரைப் பிடித்தபடி, அந்தோணி கையில் துணி சுற்றி மறுபடி பள்ளத்தில் குந்தும்வரை, அசையாமல் நின்றேன். அதன் பிறகு ஒவ்வொரு மணியையும் சங்கிலியைப் பார்த்த பிறகே அடித்தேன். எஞ்சின் மேலே வந்தது. காரைப் பின்னுக்குத் தள்ளி, எஞ்சினை மரக்கட்டைகளின் மேல் இறக்கினோம்.

5

அந்தோணிதான் முதலில் பார்த்தான். சட்டத்தில் இடித்த இடத்தில் பச்சைப் பெயிண்ட் சில்லாகப் பெயர்ந்திருந்தது. அதன் அடியில், எஞ்சினின் இரும்புக் கட்டையில், குளிர்விக்கும் நீர் ஓடும் சுவரில், கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு.

“ஐயோ, நாமளே ஒடச்சிட்டமா?”

நான் குனிந்து நகத்தால் சுரண்டினேன். சாம்பல்நிறப் பசை உதிர்ந்தது.

“இல்லை. வார்ப்பிரும்பு இப்போது உடைந்திருந்தால் உள்ளே வெளிறிப் பளபளக்கும். இது உள்வரை துருப்பிடித்திருக்கு. ரொம்பப் பழைய விரிசல். யாரோ பசை அடைத்து, மேலே பெயிண்ட் பூசி மறைச்சிருக்காங்க.”

“தெரிஞ்சே வித்துக்கீறான்” என்றார் குப்புசாமி அண்ணன். “அந்தப் புள்ள கிட்ட.”

“சரி, இன்னா பண்லாம்?” அந்தோணி அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். “வெல்டிங் வைக்கலாமா? டேனி லிஸ்டு ஒண்ணு எழுதி வச்சான், எஞ்சின் வெளிய வந்ததும் இன்னின்னது செய்யணும்னு. கொண்டாரட்டா?”

அப்போது சொல்லியே ஆக வேண்டியிருந்தது. சொன்னேன். இது பழுது பார்ப்பதற்கு அல்ல, விற்றாகிவிட்டது, நாளைக் காலை பெங்களூரிலிருந்து வண்டி வருகிறது.

அந்தோணி துணி சுற்றிய கையைப் பார்த்தான். “இத்த சொல்ல இவ்ளோ நேரமா? தோலு போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமில்ல.”

குப்புசாமி அண்ணன் முக்காலியிலிருந்து செயின் பிளாக்கைக் கழற்றி, சங்கிலியைச் சாக்கில் சுருட்டத் தொடங்கினார்.

“விக்கிறதுன்னா கூலிக்கு ஆளு கூப்ட்டிருக்கலாம் தம்பி. அன்னிக்கு டேனி பொட்டிய தூக்கினோம், சரி, நீ இல்ல, யாராவது தூக்கணும். இன்னிக்கு இத்தயும் எங்களயே வச்சி தூக்கிட்ட. நல்லா கீது உன் படிப்பு.”

இருவரும் போய்விட்டார்கள். நான் தண்டவாளத் துண்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கீழே வைத்தேன்.

6

விரிசலை மறைத்து விற்பது என் தொழிலுக்கே இழுக்கு. பெங்களூர்க்காரரை அழைத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நோ ப்ராப்ளம் சார். ஓடணும்னு அவசியமே இல்ல. ஒரிஜினல் எஞ்சின் நம்பர் இருக்குல்ல, அது போதும். நல்லா பாலிஷ் போட்டு மேல கிளாஸ் வச்சா, ஹால்ல டீப்பாய் சூப்பரா இருக்கும். ஒரு கிளையண்ட் ரெடியா இருக்காரு.”

“டீப்பாய்.”

“ஆமா சார். இப்ப அதான் டிரெண்டு.”

யாரோ ஒருவர் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைப்பதை மிகத் துல்லியமாகக் கண்டேன். ஓராண்டாகத் திசை தெரியாமல் இருந்த என் கோபம் அந்தக் கோப்பையின்மீது போய் நின்றது. குரல் மட்டும் கருத்தரங்குக் குரலாகவே வந்தது.

“தருவதற்கில்லை. வண்டி அனுப்பாதீர்கள்.”

“சார், மெயில்ல ஓகே சொன்னீங்களே? படிச்சவங்க இப்படிப் பண்ணலாமா?”

“சொன்னேன். தவறு என்னுடையது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். எஞ்சின் கிடையாது.”

குப்புசாமி அண்ணனின் வீட்டு வாசலில் அவரும் அந்தோணியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். உட்காரச் சொல்லவில்லை. விற்கவில்லை என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு?” என்றார். “கொளுத்தப் போறியா?”

“விரிசல் எங்கே முடியுதுன்னு பார்க்கணும். கொஞ்சம் சாக்பீஸும் வேணும். ட்ரில் மெஷின் ஒண்ணும்.”

அவர் சிறிது நேரம் என்னை நிற்கவைத்தார். பிறகு உள்ளே போய், அடியில் இரண்டு விரற்கடை மண்ணெண்ணெய் இருந்த பாட்டிலைக் கொண்டுவந்தார். அந்தோணி ட்ரில்லை எடுக்கப் போனான்.

பசையை முழுவதும் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, காத்திருந்து துடைத்து, சாக்பீஸ் பொடியை அதன்மேல் அப்பினேன். விரிசலுக்குள் நுழைந்திருந்த எண்ணெய் மெல்ல மேலேறிப் பொடியை நனைத்தது. ஈரக் கோடு, கண்ணுக்குத் தெரிந்த விரிசலைத் தாண்டி, இன்னும் மூன்று விரல் தூரம் போய் நின்றது.

“அம்மாடி, இவ்ளோ நீளமா?” என்றான் அந்தோணி. “வெல்டிங்?”

“சூடு காட்டினா இன்னும் பிளக்கும். குளிர்ந்தபடியே தைக்கணும். வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் திருகு ஏற்றி. முதல் துளை கடைசி முனையில். இல்லைன்னா விரிசல் ஓடிக்கிட்டே இருக்கும்.”

“எத்தினி நாளு ஆவும்?”

“தெரியாது. திரும்பும் டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்கு. மாத்தணும்.”

முனையில் குறி வைத்து ட்ரில்லை அழுத்தினேன். வார்ப்பிரும்பு சுருளாக வராது, மைப்பொடியாக உதிரும். என் சட்டைக் கையெல்லாம் கறுத்தது. குப்புசாமி அண்ணன் எஞ்சின் கட்டையை அசையாமல் இரு கைகளாலும் பிடித்திருந்தார். துளை சுவரைக் கடந்ததும் அந்தோணி குனிந்து ஊதினான்.

“டேனி இத்த பாத்திருந்தா ஒக்காந்து அழுதிருப்பான்” என்றான். “எட்டு மாசம் ஒட்டட தட்டி, தொடச்சி வச்ச எஞ்சினு.”

“அழ மாட்டான்” என்றார் குப்புசாமி அண்ணன். “இவுருக்கு போன் அடிச்சிருப்பான்.”

ஆம், அழைத்திருப்பான். விரிசலைப் படம் எடுத்து அனுப்பி, பகலோ இரவோ பாராமல் அழைத்திருப்பான். நான் எடுத்திருப்பேனா என்று இருவரும் கேட்கவில்லை. அடுத்த துளைக்கு இடம் குறித்தேன்.